கைக்குழந்தையோடு ஒரு குட்டித் தீவுக்கு

தீவு என்றதும் நமக்கு ராமேஸ்வரம் நினைவுக்கு வரும்; கொஞ்சம் தூரம் யோசித்தால் அந்தமான். நான் சொல்லப் போகிற தீவு அதெல்லாவற்றையும்விடச் சின்னது. ஸ்காட்லாந்து தேசத்தின் மேற்குக் கரையை வரைபடத்தில் பார்த்திருக்கிறீர்களா? கீழே விழுந்து நொறுங்கிய அப்பளம் மாதிரி நூற்றுக்கணக்கான துண்டுகள் கடலில் சிதறிக் கிடக்கும். அதில் 'மல்' என்ற பெரிய துண்டின் நுனியில், ஒரு பொட்டு மாதிரி ஒட்டிக் கொண்டிருப்பதுதான் ஐயோனா. நீளம் சுமார் 5 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டர். ஜனத்தொகை இருநூறுகூட இல்லை.

இந்தப் பொட்டுத் தீவுக்கு, ஏழு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக் கொண்டு, ஜூன் மாதக் கடைசியில் மூன்று இரவுகள் தங்கப் போய் வந்தோம். எப்படித் திட்டம் போட்டோம், எதை எடுத்துப் போனோம், அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். ஐயோனாவுக்கே போக வேண்டும் என்பதில்லை. சின்னக் குழந்தையை வைத்துக் கொண்டு எங்கே கிளம்பினாலும் இதில் பாதியாவது பயன்படும்.

ஏன் கிளம்பினோம்?

என் மகள் கிளாஸ்கோவில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காகத்தான் திருச்சியிலிருந்து போனேன். பத்தியம் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டி, பேறு பார்த்த காலமெல்லாம் நன்றாகவே போயிற்று. நான் ஊர் திரும்பி, நாலு மாதம் கழித்து மறுபடி போனபோது என் மகளைப் பார்த்துத் திகைத்து விட்டேன். சாப்பிடுகிறாள், வேலை செய்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. குழந்தை அழுதால் ஓடிப் போய்த் தூக்குவாள், அடுத்த நிமிஷமே, "அம்மா, நீயே வெச்சுக்கோயேன். எனக்குச் சரியாப் பாத்துக்கத் தெரியலை" என்று என் கையில் கொடுத்து விடுவாள்.

அங்கே குழந்தை பிறந்த வீடுகளுக்கு 'ஹெல்த் விசிட்டர்' என்று ஒரு நர்ஸ் வந்து தாயையும் சேயையும் பார்த்து விட்டுப் போவார். அவரிடம் பேசி, பிறகு டாக்டரிடம் போய், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுதான் என்று தெரிந்து, வாரம் ஒரு நாள் ஆலோசனைக்குப் போய்க் கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியும் வந்தாள். இளம் தாய்மார்களே, இதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்: இந்த நோய்க்கு உல்லாசப் பயணம் வைத்தியமாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கனத்தே இருந்தால், தூக்கம் பிடிக்காவிட்டால், குழந்தையிடம் ஒட்டுதல் வரவில்லை என்று தோன்றினால், டாக்டரிடம்தான் போக வேண்டும். அது தாயின் குற்றமல்ல. தலைவலி, காய்ச்சல் போல அதுவும் ஓர் உடல்நலக் கோளாறு.

ஆகஸ்டில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஜூலை நடுவில் எனக்கு ஊர் திரும்ப டிக்கெட். "நீ போயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று தினம் ஒரு தடவையாவது கேட்பாள். ஆலோசனை சொல்பவரிடமும் கேட்டுக் கொண்டுதான், நாலு சுவரை விட்டு வெளியே நாலு நாள் போய் வரலாம் என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்ததும் எதிர்ப்பு கிளம்பியது! மதுரையிலிருந்து சம்பந்தியம்மாள் போனில், "ஐயோனாவா? பேர்லயே ஐயோ இருக்கே! பல்லு முளைக்கிற குழந்தையைத் தூக்கிக்கிட்டு அங்க என்னத்துக்கு?" என்றார்கள். மாப்பிள்ளைக்கும் தயக்கம். "அத்தை, டாக்டரைப் பாக்கணும்னா படகேறி மல் தீவுக்குப் போகணும். ராத்திரி கடைசிப் படகு போயிட்டா?" என்றார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் எங்கள் திட்டமே உருவாயிற்று.

கடைசியிலிருந்து கணக்குப் போடுங்கள்

தீவுப் பயணத்துக்குத் திட்டம் போடும்போது, ரயிலில் ஆரம்பிக்கக் கூடாது. படுக்கையில் ஆரம்பிக்க வேண்டும். சின்னத் தீவில் தங்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. ஐயோனாவில் இரண்டு ஹோட்டல்கள், ஒரு ஹாஸ்டல், சில வாடகை வீடுகள், அவ்வளவுதான். கோடையில் மாதக்கணக்கில் முன்பதிவாகி விடும். எங்களுக்கு யாரோ ரத்து செய்த வாடகை வீடு ஒன்று அதிர்ஷ்டவசமாகக் கிடைத்தது. சமையலறையோடு கூடிய வீடு. கைக்குழந்தை இருக்கும்போது அடுப்பு நம் கையில் இருப்பது பெரிய வசதி.

இடம் கிடைத்ததும், அன்று தீவுக்குப் போகும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அதற்கு முந்தைய படகைப் பிடிப்பதாகக் கணக்கு வையுங்கள். அதைப் பிடிக்க எந்த பஸ், அந்த பஸ்ஸுக்கு எந்தப் பெரிய படகு, அதற்கு எந்த ரயில் என்று பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். இப்படிப் போட்டால்தான் ஒரு வண்டி தாமதமானாலும் நடுவழியில் நிற்க வேண்டி வராது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் குளிர்காலத்திலும் படகுகள் குறைவு. நாங்கள் திங்கட்கிழமை கிளம்பி வியாழன் திரும்பினோம்.

மாப்பிள்ளையின் கேள்விக்கும் பதில் எழுதினோம். ஐயோனாவுக்கான டாக்டர், மல் தீவில் பன்னெசன் என்ற கிராமத்தில் இருக்கிறார். சின்ன ஆஸ்பத்திரி அதே தீவில் கிரெய்க்நியூரில் இருக்கிறது. நேரம் கெட்ட நேரத்தில் ஆலோசனை கேட்க 111, ஆபத்து என்றால் 999. இதையெல்லாம் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினாள் என் மகள். தீவுக்குப் போனதும் அதை ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டி விட்டோம்.

நாலு வண்டி

கிளாஸ்கோவிலிருந்து ஐயோனாவுக்கு நாலு வண்டி மாற வேண்டும். காலையில் கிளம்பினால் மாலைக்குள் போய்ச் சேரலாம்.

முதல் வண்டி ரயில். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து ஓபன் துறைமுகத்துக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு விஷயம் கவனியுங்கள்: சில ரயில்கள் கிரியன்லாரிக் என்ற ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். பாதிப் பெட்டிகள் ஓபனுக்கு, மீதி வேறு ஊருக்கு. ஏறும்போதே கேட்டுக் கொண்டு சரியான பெட்டியில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பால் பாட்டில் ஒரு ஊருக்கும் பாப்பா ஒரு ஊருக்கும் போக வேண்டியதுதான்! வழியெல்லாம் ஏரிகளும் மலைகளும். 'ஆவ்' ஏரிக்கரையில் ஓர் இடிந்த கோட்டை தண்ணீரைப் பார்த்துக் கொண்டு நிற்கிறது.

ஓபனில் ரயிலடிக்குப் பக்கத்திலேயே படகுத் துறை. ஊருக்கு மேல் குன்றில் ரோமாபுரியின் கொலோசியம் மாதிரி ஒரு வட்டக் கட்டடம் தெரியும். 1897-ல் மெக்கேய்க் என்ற வங்கி முதலாளி கொத்தனார்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கட்ட ஆரம்பித்தது. 1902-ல் அவர் இறந்ததும் வேலை அப்படியே நின்று விட்டது. வெளிச்சுவர் மட்டும் இருக்கிறது.

இரண்டாவது வண்டி பெரிய கப்பல். மல் தீவின் கிரெய்க்நியூருக்கு ஐம்பது நிமிஷம் போல. கப்பலின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்தபடி வந்தால் குமட்டல் குறையும். நான் ஒரு சிறு டப்பாவில் இஞ்சித் துண்டுகளை உப்புப் பிரட்டி எடுத்துப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு ஸ்காட்லாந்துப் பாட்டியும் ஒன்று வாங்கி மென்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

மூன்றாவது வண்டி பஸ். மல் தீவைக் குறுக்கே கடந்து ஃபின்னஃபோர்ட் என்ற முனைக்கு சுமார் 60 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம். பெரும்பகுதி ஒரு வண்டி மட்டுமே போகக் கூடிய பாதை. எதிரே வண்டி வந்தால், ஆங்காங்கே ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் ஒருவர் நின்று மற்றவருக்கு வழி விட வேண்டும். வழி விட்டவருக்கு இவர் கை தூக்க, இவருக்கு அவர் கை தூக்க, ஒரே உபசாரம்தான்! கண்ணை மறைக்கும் அளவுக்கு முடி தொங்கும் செம்பட்டை நிற மாடுகள் ரோட்டோரம் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன.

நாலாவது வண்டி சின்னப் படகு. பத்தே நிமிஷம். வெளியூர்க்காரர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் கார் கொண்டு போக முடியாது. இந்தக் கரையிலேயே விட்டு விட வேண்டும். அதனால் ஐயோனாவில் கால் வைத்ததும் முதலில் காதில் விழுவது காற்றும் ஆட்டுக் கத்தலும்தான்.

படகு நிற்கும் கிராமத்தின் பெயர் என்ன தெரியுமா? பாலே மோர்! பால் என்றால் பாலுமல்ல, மோர் என்றால் மோருமல்ல. அவர்களுடைய கேலிக் மொழியில் 'பெரிய ஊர்' என்று அர்த்தமாம். ஒரு வரிசை வீடு, ஒரு மளிகைக் கடை, ஒரு சின்னப் பள்ளிக்கூடம். இதுதான் பெரிய ஊர்.

தூங்காத சூரியன்

முதல் ராத்திரி நாங்கள் கற்ற பாடம்: ஜூன் மாதத்தில் அங்கே பத்தரை மணி வரை வெளிச்சம், விடியற்காலை நாலரைக்கே மறுபடி சூரியன். பெரியவர்களுக்கு வேடிக்கை, குழந்தைக்கோ இது பகலா ராத்திரியா என்று குழப்பம். என் கருநீல நூல் புடவையை இரண்டாக மடித்து, ஜன்னல் திரைக்கம்பியில் துணி மாட்டும் கிளிப்பால் மாட்டினேன். அறை இருட்டானதும் குட்டி தூங்கி விட்டாள். ஒரு பழைய புடவை எங்கே போனாலும் கைகொடுக்கும்!

சமையலுக்குக் கவலையில்லை. வறுத்த ரவையில் தாளித்துக் கொட்டிய உப்புமா மிக்ஸ், அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஒரு கிலோ அரிசி, சின்ன குக்கர். குழந்தைக்குக் கேழ்வரகு மாவும் பால் பவுடரும், கணக்குக்கு மேல் இரண்டு நாளைக்கு வரும்படி. பால், ரொட்டி, காய்கறிக்குக் கடை இருக்கிறது. ஆனால் தீவுக் கடைக்கும் சரக்கு படகில்தான் வர வேண்டும். அதனால் குழந்தை சமாசாரத்தில் கடையை நம்பிப் போகாதீர்கள்.

மறுநாள் காலை வானம் பளிச்சென்று இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஸ்டாஃபா போயிட்டு வாங்க. குட்டியை நான் பாத்துக்கறேன்" என்றேன். ஸ்டாஃபா என்பது வடக்கே உள்ள, ஆளில்லாத குட்டித் தீவு. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறும்போது இறுகிப் பிளந்து, அறுகோணத் தூண்களாக நிற்கிறது. கோயில் மண்டபத் தூண்களை நெருக்கி நெருக்கி நட்ட மாதிரி இருக்கும். அதிலுள்ள ஃபிங்கலின் குகையில் அலை புகுந்து எழுப்பும் ஓசை பிரசித்தம். 1829-ல் மெண்டல்சன் என்ற ஜெர்மானிய சங்கீத மேதை அங்கே போய் வந்து, 'ஹெப்ரிடீஸ்' என்ற இசைக்கோவையை எழுதினார். ஆகஸ்ட் ஆரம்பம் வரை பஃபின் என்ற பறவைகளும் இருக்கும். கிளி மூக்கும் கோமாளி முகமுமாக!

படகில் போய் வர மூன்று மணி நேரம். என் மகள் நாலு தடவை திரும்பிப் பார்த்துக் கொண்டே போனாள். திரும்பி வந்தபோது தலையெல்லாம் கடல் தண்ணீர். "அம்மா, அந்தப் பறவை என் காலுக்குப் பக்கத்துல வந்து நின்னு, நீ யாருன்னு கேக்கற மாதிரி பாத்துதும்மா" என்று சொல்லிச் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. குட்டியை நீட்டினேன், வாங்கிக் கொண்டாள்.

கடைசிப் படகு போன பிறகு

அன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தை சிணுங்க ஆரம்பித்தாள். தொட்டால் கொதிக்கிறது. கடைசிப் படகு போய் வெகு நேரம் ஆகி விட்டது. மாப்பிள்ளையின் முகம் வெளிறிப் போயிற்று. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கஷாயமா, பற்றா என்று என் மனசு ஊருக்கே ஓடி விட்டது. கை தானாகக் குழந்தையிடம் நீண்டது.

ஆனால் என் மகள் குழந்தையை என்னிடம் கொடுக்கவில்லை. "இரும்மா" என்றாள். மருந்துப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். 38.3 டிகிரி, நம் கணக்கில் 101-ஐ ஒட்டி. அட்டையைப் பார்த்து 111-க்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். பால் குடிக்கிறாளா? குடிக்கிறாள். ஈரத் துணி எத்தனை? இத்தனை. உடம்பில் தடிப்பு இருக்கிறதா? இல்லை. மூச்சு வேகமாக இருக்கிறதா? இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா? பார்க்கிறாள்.

காய்ச்சல் மருந்தைக் குழந்தைக்குரிய அளவில் கொடுக்கவும், அடிக்கடி பால் கொடுக்கவும், கனமான போர்வை போடாமல் இருக்கவும் சொன்னார்கள். பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு போனாலோ, மூச்சு திணறினாலோ, தடிப்பு வந்தாலோ எந்த நேரமானாலும் உடனே கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார்கள். என் மகள் ஒரு காகிதத்தில் மணி வாரியாக எழுதி வைத்துக் கொண்டாள். பத்து மணி, பால். பதினொன்று, 38. ஒரு மணி, 37.6. நான் சமையலறையில் வெந்நீர் வைத்துக் கொடுத்ததோடு சரி. மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தேன். புடவைத் திரையின் ஓரத்தில் வெளிச்சம் கீறலாக விழுந்திருந்தது. குழந்தை அவள் மார்பில் தூங்கிக் கொண்டிருந்தாள். "நீ போய்ப் படும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். பிரசவத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

காலையில் காய்ச்சல் இல்லை. இரண்டு நாளில் கீழே ஒரு பல் எட்டிப் பார்த்தது. ஆனால் தாய்மார்களே, "பல்லு முளைக்குது, அதான் சுடுது" என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோமே, 38 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பேச்சு உதவாது. பல் முளைக்கும் நாளில் வேறு காய்ச்சலும் வரலாம். கேட்டுத் தெரிந்து கொள்வதுதான் நல்லது.

பெண்களுக்கு இடமில்லை என்ற தீவு

மூன்றாம் நாள் தூரம் எங்கும் போகவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் உள்ளதைப் பார்த்தோம். பார்க்க வேண்டிய முக்கியமானதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ளேயே இருக்கிறது.

கி.பி. 563-ல் அயர்லாந்திலிருந்து கொலம்பா என்ற துறவி பன்னிரண்டு சீடர்களுடன் இங்கே வந்து மடம் அமைத்தார். கல்விக்கும் ஓவிய எழுத்துக்கும் பேர் போன மடம். டப்ளின் நகரில் இன்றும் காட்சிக்கு இருக்கும் 'கெல்ஸ் நூல்' என்ற அழகிய சுவடி இங்கேதான் தொடங்கப்பட்டிருக்கும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். 795 முதல் வைக்கிங் கொள்ளைக்காரர்கள் வந்து வந்து தாக்கினார்கள். 806-ல் மட்டும் 68 துறவிகள் கொல்லப்பட்டார்கள். பிறகு 1200 வாக்கில் கட்டிய பெரிய மடாலயமும் காலப்போக்கில் பாழடைந்தது. 1938-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜார்ஜ் மக்லவுட் என்ற பாதிரியார், வேலையில்லாத தொழிலாளிகளையும் இளம் பாதிரிமார்களையும் கூட்டி வந்து, இடிந்து கிடந்த மடத்துக் கட்டடங்களைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். 1965-ல் வேலை முடிந்தது. வாசலில் நிற்கும் புனித மார்ட்டின் கற்சிலுவை மட்டும் எட்டாம் நூற்றாண்டிலிருந்து இடம் மாறாமல் நிற்கிறது.

எனக்குப் பிடித்தது இன்னொரு இடம். அதற்கு முன் ஒரு கர்ணபரம்பரைக் கதை. கொலம்பா தன் தீவில் பசுவையே வைத்துக் கொள்ளக் கூடாது என்றாராம். பசு வந்தால் கறக்கப் பெண் வருவாள். பெண் வந்தால் வம்பு வரும் என்பது அவர் பயமாம்! மடம் கட்டிய வேலையாட்களின் மனைவிமாரெல்லாம் எதிரே உள்ள ஒரு பாறைத் தீவில்தான் இருக்க வேண்டுமாம். அந்தப் பாறைக்கு இன்றும் 'பெண்கள் தீவு' என்றே பெயர்.

ஆனால் 1200-ஐ ஒட்டி அதே ஐயோனாவில், படகுத் துறைக்குப் பக்கத்திலேயே பெண் துறவிகளுக்கென்று ஒரு மடம் எழுந்தது. ரனால்டு என்ற சிற்றரசன் கட்டியது. அவனுடைய சகோதரி பெஹாக்தான் முதல் தலைவி என்று சொல்லப்படுகிறது. 1560-ல் சமயச் சீர்திருத்தம் வரும் வரை பெண்கள் அங்கே படித்தும் வழிபட்டும் வாழ்ந்தார்கள். கூரை போய் விட்டது. இளஞ்சிவப்புக் கல் சுவர்களின் இடுக்கில் பூச்செடிகள் பூத்திருக்கின்றன. நடுவே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். காற்று உள்ளே வராது. குழந்தைக்குப் பால் கொடுக்க அதைவிட நல்ல இடம் தீவில் கிடையாது. என் மகள் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் நான் மட்டும் 'டூன் ஈ' என்ற குன்றின் மேல் ஏறினேன். உயரம் 101 மீட்டர்; நம் மலைக்கோட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் படி கிடையாது. உச்சியின் வடக்கே ஒரு சிறு சுனை. விடியற்காலையில் அதில் முகம் கழுவினால் இளமை திரும்பும் என்று நம்பிக்கை. நான் போனது சாயங்காலம். இருந்தாலும் கழுவினேன். தண்ணீர் ஐஸ் மாதிரி! மேலே நின்றால் வெள்ளை மணலும் பச்சைக் கடலுமாக வட கரை முழுதும் தெரியும். புல் மறைவிலிருந்து ஒரு பறவை, சீப்பின் பல்லை நகத்தால் கீறுவது போல விடாமல் கத்தியது. கார்ன்கிரேக் என்று பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து கோடைக்கு வருவது.

திரும்பி வந்ததும் காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். உயர்ந்த புல்லில் நடந்தால் உண்ணி ஒட்டும். அதனால் வரும் லைம் நோய் அங்கே உண்டு. தினம் சாயங்காலம் கால் மடிப்பு, கழுத்து, குழந்தையின் இடுக்குகளெல்லாம் பார்த்து விடுங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டினாற் போல இடுக்கியால் பிடித்து இழுத்து எடுக்க வேண்டும். 'மிட்ஜ்' என்ற பொடிக் கொசுவும் காற்றில்லாத மாலையில் மொய்க்கும். காற்றடித்தால் வராது, ஐயோனாவில் காற்றுக்குப் பஞ்சமில்லை.

எடுத்துப் போனவை

மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை (ஜூன் என்றாலும்!). வண்டிக்குப் பதில் குழந்தையை மார்போடு கட்டிக் கொள்ளும் துணி. தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, உண்ணி இடுக்கி. ப்ளாஸ்க் ஒன்று. கிளிப்புகள் ஆறு. பழைய புடவை இரண்டு. குழந்தையின் சாப்பாடு இரண்டு நாளைக்குக் கூடுதலாக. டெலிபோன் எண்கள் எழுதிய அட்டை. இவ்வளவையும் இரண்டு பைக்குள் அடக்கினோம். நாலு வண்டி ஏறி இறங்க அதற்கு மேல் கை கிடையாது.

இன்னொன்று: திரும்பும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள். காற்று பலத்தால் படகு நிற்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. நாங்கள் கிளம்பிய வியாழக்கிழமை அப்படித்தான் ஆயிற்று. பத்து நிமிஷக் கடல்தான். எதிர்க்கரை பஸ் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அலை துறையின் மேல் ஏறி விழுகிறது. படகு இல்லை என்று சொல்லி விட்டார்கள்.

மாப்பிள்ளை போனை எடுத்து மாலை ரயில் நேரம் பார்த்தார். நான் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். என் மகள் காற்று படாத சுவரோரம் உட்கார்ந்து, ப்ளாஸ்க் வெந்நீரில் கேழ்வரகுக் கஞ்சியைக் கரைத்து, ஊதி ஊதிக் குட்டிக்கு ஊட்டினாள். பக்கத்தில் இன்னொரு இளம் தாய் அழுகிற குழந்தையோடு தவித்துக் கொண்டிருந்தாள். அவளிடம் போய், "என்கிட்ட வெந்நீர் இருக்கு, வேணுமா?" என்று இவளாகவே கேட்டாள். மூன்று மணிக்குக் காற்று தணிந்தது. படகு வந்தது.